சாதுவான கெக்கோ எது? மகளின் ஆசையும் வீட்டின் நிலைமையும்

லண்டனின் புறநகர் ஒன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களைத் தவிர்த்து அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய 12 வயது மகள், வளர்ப்பதற்கு ஒரு கெக்கோ பல்லி வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டு வருகிறாள். காணொளிகளில் பார்த்த கிரெஸ்டட் கெக்கோவின் மீதுதான் அவளுக்கு ஆசை. பாடம் படிக்கும்போது அதைத் தோளில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள். இதற்கிடையில், கணவருடன் வேலை செய்யும் ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதால், தம்மிடம் உள்ள டோக்கே கெக்கோவைக் கண்ணாடிக் கூண்டோடு இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கெக்கோவையும் தினமும் ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று செல்லப்பிராணிக் கடை ஊழியர் ஒருவர் கூறியிருக்கிறார். வீட்டில் 3 வயது மகனும், ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உட்கொள்ளும் 68 வயது மாமியாரும் இருக்கிறார்கள். பல்லி என்றால் நஞ்சு, மேலே விழுந்தால் பலன் பார்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த மாமியார், "அது இந்த வீட்டுக்குள் வந்தால் நான் ஊருக்குப் போய்விடுவேன்" என்று சொல்லிவிட்டார். எந்த இனம் மிகவும் சாதுவானது, கடிக்குமா, நஞ்சு உண்டா, மகள் தன் சேமிப்பிலிருந்து தானே வாங்கிக்கொள்ளலாமா, நாளடைவில் அது அவளிடம் பாசம் காட்டுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இனத்தைத் தேர்ந்தெடுப்பதும் கையாளும் முறையும் அதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன. கெக்கோ தொடுதலைத் தேடி வரும் உயிரினம் அல்ல. பெரும்பாலும் தனித்து வாழ்ந்து, இருட்டிய பின் இரை தேடி, தன்னைவிடப் பெரிதாக அசையும் எதைக் கண்டாலும் தன்னைத் தின்ன வருவதாக எண்ணி ஒளிந்துகொள்ளும் விலங்கு அது. நன்கு பழகிய கெக்கோ உங்கள் மகளின் உள்ளங்கையில் அமைதியாக இருந்தால், அந்தக் கையால் தனக்குத் தீங்கு நேர்வதில்லை என்று அது வாரக்கணக்கில் கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பாசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எளிதில் அஞ்சும் ஒரு சிற்றுயிரை அஞ்சாதிருக்கப் பழக்குவது 12 வயதுச் சிறுமி பெருமைப்படத் தக்க செயல். இதை அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள். மடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கும் குழந்தை சில மாதங்களில் சலிப்படைந்து கூண்டை மறந்துவிடுவாள். நான் கீழே பரிந்துரைக்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற இனமோ 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அவள் பல்கலைக்கழகம் போன பிறகு அதற்கு இரை போடப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

இதோடு திருத்திக்கொள்ள வேண்டிய இன்னோர் எண்ணமும் உண்டு. அசையாமல் இருக்கும் பல்லியே சாதுவான பல்லி என்று பலரும் கருதுகிறார்கள். அச்சத்தில் உறைந்துபோன பல்லியும் அசையாது. குளிர்ந்துபோன பல்லியும் அசையாது, ஏனெனில் அதன் உடல் இயங்கத் தேவையான வெப்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நோயுற்ற பல்லியும் அசையாது. "இருப்பதிலேயே இதுதான் அமைதியானது" என்று தேர்ந்தெடுக்கப்பட்ட குட்டி, வால் மெலிந்து, கண் குழிந்து, குடல் ஒட்டுண்ணியால் வாடிய நிலையில் சிகிச்சைக்கு வருவது கால்நடை மருத்துவர்களான எங்கள் தொழிலில் வழக்கமாகக் காணும் வேதனை. நலமான, பழகிய கெக்கோ கையில் மெல்ல நடக்கும். நாக்கை நீட்டி விரல்களை ஆராயும். அதன் கண்கள் திறந்து தெளிவாக இருக்கும்.

எந்த இனம்?

கையாள்வதற்கு ஏற்றது எது என்று மட்டும் கேட்டால், என் விடை தயக்கமின்றி லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் பாறைப்பாங்கான வறண்ட நிலங்கள் அதன் தாயகம். நம் ஊர்ச் சுவர்களில் ஓடும் வீட்டுப் பல்லியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. இதற்கு மூடித் திறக்கும் இமைகள் உண்டு. விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லாததால் கண்ணாடியிலோ சுவரிலோ ஏற முடியாது. தரையில் நிதானமாக நடக்கும். மகளின் கையிலிருந்து இறங்கிவிட்டாலும் கூரைக்கு ஓடி மறையாது என்பது, நடைமுறையில் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வசதி. வளர்ந்தது 20 முதல் 25 செ.மீ. நீளமும், பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் எடையும் இருக்கும். பல தலைமுறைகளாக மனிதர்களிடமே இனப்பெருக்கம் செய்து வருவதால், கூண்டில் பிறந்தவை எளிதில் கிடைக்கின்றன. கடிக்குமா என்றால், கடிக்கலாம். மூலையில் நெருக்கப்பட்டால் கடிக்காத விலங்கு அரிது. ஆனால் வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ கடிப்பது எப்போதாவதுதான், கடித்தாலும் பெரும்பாலும் ரத்தம்கூட வராது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். குட்டிகள் வளர்ந்தவற்றைவிட மிரட்சி மிக்கவை, பயந்தால் கீச்சிடவும் செய்யும். ஆகவே முதன்முறை வளர்ப்பவர்கள் ஓராண்டு கடந்த, குணம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுப்பதையே நான் விரும்புவேன்.

மகள் விரும்பும் கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியத் தீவுகளைச் சேர்ந்தது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994 இல் மீண்டும் கண்டறியப்பட்ட அந்த இனம் இன்று பல நாடுகளில் வளர்க்கப்படுகிறது. கடிக்கும் இயல்பு குறைவு. தூளாகக் கிடைக்கும் பழ உணவைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தே வளர்க்கலாம் என்பதால், உயிருள்ள பூச்சிகளைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு வசதியானது. சிக்கல் என்னவென்றால், அது தாவும். எந்த முன்னறிவிப்பும் இன்றித் தோளிலிருந்து திரைச்சீலைக்கும், அங்கிருந்து அலமாரியின் பின்புறத்துக்கும் பாய்ந்துவிடும். அச்சத்தில் வாலை உதிர்த்தால் அதற்கு மறுபடி வளராது. 28 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் நீடித்தால் அதன் உயிருக்கே கேடு. லிங்கன்ஷரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான 2022 ஜூலை 19 ஆம் நாளை மேல்மாடிக் குடியிருப்பில் கழித்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும். கூண்டுக்குள் செடிகளுக்கிடையே பார்த்து மகிழ மிக அழகான இனம். பாடம் படிக்கும்போது தோளில் இருத்திக்கொள்ள உகந்ததன்று.

டோக்கே கெக்கோவை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன். 30 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடிய வலுவான இனம் அது. வாயைத் திறந்து எச்சரிக்கும், பிறகு கடிக்கும், கடித்த பிடியை எளிதில் விடாது. இரவில் உரத்த குரலில் கூவவும் செய்யும். விற்பனைக்கு வருபவற்றில் காட்டில் பிடிக்கப்பட்டவை பல. வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதால் 2019 இல் அது, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுபவமுள்ளவர்கள் கையால் தொடாமல் வளர்க்க வேண்டிய விலங்கு அது. கூண்டு இலவசம் என்பது 3 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு காரணமே ஆகாது. ஊர்வனவற்றை ஏற்கும் மீட்பு மையம் ஒன்றிடம் அதை ஒப்படைக்குமாறு அந்த நண்பரிடம் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லையே என்று தோட்டத்தில் விட்டுவிடக் கூடாது. குளிரில் அது இறந்துவிடும் என்பதோடு, இந்நாட்டுக்கு உரியதல்லாத விலங்கை வெளியில் விடுவது 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபேட் டெயில் கெக்கோவும் லெப்பர்ட் கெக்கோவைப் போன்றே சாதுவானது. ஆனால் கூடுதல் ஈரப்பதம் கேட்கும். பச்சை நிற டே கெக்கோக்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். இறுகப் பிடித்தால் அவற்றின் தோலே உரிந்து கையோடு வந்துவிடும்.

மாமியாரும் சிறுவனும்

இந்தப் பகுதிக்காகவே உங்களுக்கு விரிவாக எழுதத் தீர்மானித்தேன். மாமியார் அஞ்சுவது நஞ்சுக்கு. கெக்கோ இனங்கள் எதற்கும் நச்சுப் பற்கள் கிடையாது என்பதை அவரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம். லெப்பர்ட் கெக்கோ சுவரேறி மேலே விழாது என்பதும் அவருக்கு ஆறுதலாக இருக்கக்கூடும். ஆனால் அவருடைய மறுப்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்லும் காரணம் சரியில்லை, எனினும் அவருக்கு ஆபத்து இருப்பது உண்மை.

அந்த ஆபத்தின் பெயர் சால்மொனெல்லா. முழு நலத்தோடு இருக்கும் ஊர்வனவற்றின் குடலிலும் இந்த பாக்டீரியா இயல்பாக வாழக்கூடும். எச்சத்தின் வழியாக வெளியேறி, தோலிலும் கூண்டிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் படியும். அங்கிருந்து கைக்கும் வாய்க்கும் வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி உண்டாகும். நலமான பெரியவர்களில் இது பெரும்பாலும் தானே குணமாகிவிடும். சிறு குழந்தைகளிடமும், முதியவர்களிடமும், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களிடமும் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 5 வயதுக்குக் குறைந்தவர்களும், 65 வயதைத் தாண்டியவர்களும், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களும் உள்ள வீடுகளுக்கு ஊர்வன ஏற்றவை அல்ல என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. மெத்தோட்ரெக்சேட் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து. உங்கள் வீட்டில் இந்த மூன்று நிலைகளும் இரண்டு பேரிடமாகச் சேர்ந்து இருக்கின்றன.

பல்லியைப் பரிசோதித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கிருமி விட்டுவிட்டே வெளியேறுவதால், ஒரு நாள் எடுத்த எச்சத்தில் அது தென்படவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆன்டிபயாடிக் கொடுத்து அதை அடியோடு ஒழிக்கவும் முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதில்தான் அது போய் முடியும்.

ஆகவே என் கருத்து இது: மாமியாருடைய மூட்டுவாத மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ கலந்து பேசாமல் எந்தக் கெக்கோவையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அதுவே முடிவாக இருக்கட்டும். கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்று அவர் கருதினாலும், மகனுக்கு 5 வயது நிறையும்வரை காத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த இரண்டு ஆண்டுகள் மகளுக்கு வீணாகப் போக வேண்டியதில்லை. பூச்சிகளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை அவளே கணக்கிடட்டும், கூண்டுக்கான திட்டத்தை வரையட்டும். காத்திருந்தும் ஆசை குறையாத குழந்தைதான் நல்ல வளர்ப்பாளராக ஆவாள். அதற்குப் பிறகு கெக்கோ வந்தாலும், கூண்டு மகளின் அறையில் மட்டும் இருக்க வேண்டும். அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும். பல்லிக்கு முத்தம் கொடுப்பது எந்நாளும் கூடாது. கைச்சுத்திகரிப்புத் திரவம் கழுவுவதற்கு மாற்றாகாது.

கையில் எடுக்கும் முறை

கடை ஊழியர் சொன்ன தினசரி ஒரு மணி நேரம் மிகவும் தவறான அறிவுரை. வெளியில் இருக்கும் நேரம் முழுவதும் கெக்கோ தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே தேர்ந்துகொள்ள முடியாது; நீண்ட நேரம் வெளியில் இருந்தால் செரிமானம் கெடும், அஞ்சியபடியே இருந்தால் உண்பதை நிறுத்திவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரங்கள் தொடவே வேண்டாம். அது ஒழுங்காக இரை எடுத்து, எச்சமிட்டு, ஒளிவிடத்திலிருந்து மாலையில் வெளியே வரத் தொடங்கிய பிறகு, மகள் கழுவிய கையைக் கூண்டின் தரையில் சில நிமிடங்கள் அசைக்காமல் வைத்திருக்கட்டும். அது வந்து நக்கிப் பார்க்கும், திரும்பிப் போகும். சில மாலைகள் இப்படியே கழியலாம், அவசரப்படக் கூடாது. பின்னர் பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், வயிற்றுக்கு அடியில் விரல்களை நுழைத்து, நான்கு கால்களும் உள்ளங்கையில் ஊன்றுமாறு தூக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் காலாகத் தெரியும். முதுகை அழுத்திப் பிடிக்கக் கூடாது. தூக்கிய பின் அது நடக்க விரும்பினால், ஒரு கைக்கு முன்னால் மறு கையை வைத்துக்கொண்டே போகலாம். மகள் எப்போதும் தரையில் அமர்ந்தே இதைச் செய்ய வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் தாடையோ காலோ முறியலாம். தொடக்கத்தில் 5 நிமிடங்கள், பழகிய பின் 10 முதல் 15 நிமிடங்கள், வாரத்தில் இரண்டு மூன்று முறை என்பது தாராளமாகப் போதும்.

வாலைப் பிடிக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆபத்து வந்தால் வாலை உதிர்த்துவிட்டுத் தப்பும் அமைப்பு அதன் வால் எலும்புகளிலேயே இருக்கிறது. லெப்பர்ட் கெக்கோவுக்குப் புது வால் வளரும். ஆனால் அது முள்ளெலும்பு இல்லாமல், குருத்தெலும்புத் தண்டோடு, பழைய வடிவம் இன்றி மழுங்கலாக இருக்கும். அதன் கொழுப்புச் சேமிப்பில் பெரும்பகுதி வாலில்தான் என்பதால், உதிர்ந்த வால் அதற்குப் பெரிய இழப்பு. அப்படி நேர்ந்தால் கையாளுவதை அறவே நிறுத்தி, தரையில் ஈரமற்ற காகிதத் துண்டுகளை விரித்து, ரத்தம் நிற்காவிட்டாலோ சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அது சொல்லும் அறிகுறிகளை மகள் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வாலை உயர்த்தி மெதுவாக அசைத்தால் அது தற்காப்பு நிலையில் இருக்கிறது. கையைப் பின்வாங்க வேண்டும். வால் நுனி மட்டும் வேகமாக அதிர்ந்தால் இரையைக் கண்ட கிளர்ச்சி. அந்த நேரத்தில் விரலை நீட்டினால் விரலே இரையாகத் தோன்றும். இதற்காகத்தான் இரையை இடுக்கியால் கொடுக்கச் சொல்கிறேன். தோல் வெளுத்து, உரியும் தறுவாயில் இருக்கும்போதும், இரை தின்ற அன்றும், பெண் கெக்கோ முட்டை சுமக்கும்போதும் எடுக்கக் கூடாது.

கையாளுதல் கூண்டின் வெப்பத்தோடும் உணவோடும் பிணைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூண்டு 90 செ.மீ. நீளமாவது இருப்பது நல்லது. அதன் ஒரு பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடும், மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். வெப்பக் கருவி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் இயங்கக் கூடாது, ஏனெனில் வயிற்றுத் தோல் வெந்துபோவது அடிக்கடி நேர்கிறது. கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான் போன்ற இரைகளின் மீது கால்சியமும் வைட்டமின் டி3யும் கலந்த தூளைத் தூவாவிட்டால், எலும்புகள் மெலிந்து, மென்மையாகக் கையில் எடுத்தால்கூட முறியும் நிலை வரும்.

வாங்குவதும் பொறுப்பேற்பதும்

மகள் தன் பணத்தில் வாங்கலாம். ஆனால் வாங்குபவர் நீங்களாக இருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்கக் கூடாது. அவ்வயதுக்குட்பட்டவர் ஒரு விலங்கைப் பார்த்துக்கொண்டால், அவரைப் பராமரிக்கும் பெரியவரே அந்த விலங்குக்கும் பொறுப்பாளி. தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், தனித்தோ சேர்ந்தோ வாழும் தேவை, நோயிலிருந்தும் துன்பத்திலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை அளிப்பது உங்கள் சட்டக் கடமை. கெக்கோவைப் பொறுத்தவரை "தனித்து" என்பதையே பின்பற்றுங்கள். துணைக்கு இன்னொன்று வைத்தால் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். வணிக முறையில் விற்பவர்களுக்கு இங்கிலாந்தில் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க நீங்கள் தயங்க வேண்டாம். வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தில் ஊர்வன பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இவை இங்கிலாந்தின் விதிகள். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் இவற்றைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

விசித்திர நிறங்களுக்காக வளர்க்கப்படும் வகைகளில் இரண்டைத் தவிர்க்கச் சொல்வேன்: 'எனிக்மா' வகையில் தலை சாய்வதும் வட்டமிட்டுச் சுற்றுவதுமான நரம்புக் கோளாறு காணப்படுகிறது, 'லெமன் ஃப்ராஸ்ட்' வகையில் தோலில் கட்டிகள் தோன்றுகின்றன. சாதாரண மஞ்சள் நிறமும் கரும்புள்ளிகளும் கொண்டதே போதும். பிரிட்டனின் ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகள் கைவிடப்பட்ட ஊர்வனவற்றுக்கும் புதிய வீடு தேடுகின்றன. வளர்ந்த, குணம் தெரிந்த லெப்பர்ட் கெக்கோவை அங்கே விசாரிக்கலாம்.

மருத்துவரின் சம்மதமும் கிடைத்து, மகனும் 5 வயதைக் கடந்து, நீங்கள் முடிவெடுக்கும் நாளில், கெக்கோவுக்கு முன்பாக ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் ஊர்வன பார்ப்பவர்கள் இருப்பதில்லை. வாங்கிய சில வாரங்களுக்குள் ஒரு முறை காட்டுவது நல்லது. வரும்போது, 24 மணி நேரத்துக்குள் இட்ட எச்சத்தைச் சிறு மூடிய டப்பாவில் எடுத்து வாருங்கள். கூண்டின் படங்களையும், இரு பக்க வெப்பநிலையின் அளவுகளையும், என்ன இரை எந்த நாளில் எடுத்தது என்று மகள் எழுதிவைத்த குறிப்பையும் கொண்டு வாருங்கள். கெக்கோவைக் கையில் பிடித்தபடி வர வேண்டாம்; காற்றுத் துளையுள்ள சிறு பெட்டியில், காகிதத் துண்டு விரித்து, குளிர்காலமாக இருந்தால் வெளியே துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றை அணைத்து வைத்துக் கொண்டு வாருங்கள்.